மறுகன்னத் தரகர்

உலகத்தில் கன்னத்தில் அறைபவர்கள் இருக்கிறார்கள், அறை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு சாராரைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஆனால் அறை விழுந்த சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் காப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்து, அடித்தவரை ஒரு வார்த்தை கேட்காமல், அடிபட்டவரின் தாடையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மறுபக்கம் திருப்பிவிட்டு, "இப்ப பாரு, ஆண்டவர் எவ்வளவு சந்தோஷப்படுவார்" என்று சொல்கிற மூன்றாவது சாரார் ஒருவர் இருக்கிறாரே, அவரை யாருமே கண்டுகொள்வதில்லை. அநியாயம் இல்லையா? எத்தனை கன்னங்களைத் திருப்பிவிட்ட மனிதர்! நான் அவருக்கு மறுகன்னத் தரகர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் திருப்புவது தன் கன்னத்தை அல்ல.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் முகத்தைப் பாருங்கள். கன்னம் இரண்டும் வழவழவென்று, ஐம்பத்தெட்டு வயதிலும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். தலை எப்போதும் பதினைந்து பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் உங்கள் துயரத்தைச் சொல்லச் சொல்ல, மூச்சை உள்ளே இழுத்தபடியே "ஆஆமா" என்பார். எங்கள் நார்வேயின் தென்கரையில் எல்லோருமே ஆமாவை மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வோம். ஆனால் தரகர் இழுக்கிற இழுப்பில் அறையிலிருக்கும் காற்றில் பாதி காணாமல் போய்விடும். பிறகு ஒரு கை உங்கள் தோளில் வந்து உட்காரும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. "உள்ளுக்குள்ள கசப்பு வேர் விட்டுடக் கூடாது" என்பார். "அவனுக்கும் வீட்ல என்ன கஷ்டமோ, யார் கண்டா?" என்பார். "இதெல்லாம் ஒரு பயிற்சி" என்பார். கடைசியில், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான் உன்னை ஜெபத்துல வெச்சுக்கறேன்" என்பார். அத்துடன் பேட்டி முடிந்தது என்று நீங்கள் புரிந்துகொண்டு எழுந்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு நான் தூரமாகப் போகத் தேவையில்லை. ஸ்கார்விக்கில் எங்கள் ஓஸ்முண்ட் இருக்கிறார்.

எங்கள் ஆலையில் மீனை அரைத்து, உருண்டை பிடித்து, வெள்ளைக் குழம்போடு டின்னில் அடைத்து நார்வே முழுக்க அனுப்புகிறோம். ஓஸ்முண்ட் அங்கே ஸ்டோர் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக் குழுவின் தலைவர். இந்த இரண்டும் போதாதென்று, ஆலையின் பாதுகாப்புப் பிரதிநிதியும் அவர்தான். ஒருவரை ஒருவர் வேலையிடத்தில் வாட்டி வதைத்தால், வதைபடுகிறவர் போய்ச் சொல்லவென்றே தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்து வைக்கிற ஆள் இவர். சட்டம் அப்படி. தேர்தல் நடந்த அன்று வேறு யாரும் கை தூக்கவில்லை, இவரும் தூக்கியிருக்கவில்லை, தலை சொறிந்தார், தேர்ந்தெடுத்துவிட்டோம். அந்தப் புகாரை எழுத ஒரு தாள் உண்டு. அது அவருடைய மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஜெபவீட்டு விற்பனை விழாவுக்கான குலுக்கல் சீட்டுக் கட்டுகளுக்கு அடியில், ஆறு வருஷமாகச் சமாதானமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இனி யூருனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூருன் எங்கள் ஆலையில் மூடி பார்க்கிறவள். இருபது வருஷமாக அதே வேலை. ஓடும் பட்டையில் வரும் டின்களை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே எது நன்றாக மூடியிருக்கிறது, எது ஒழுகும் என்று சொல்லிவிடுவாள். இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அது யூருன் அளவுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் ஜாம் பாட்டிலைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாளாம்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை யூருன் பட்டையை நிறுத்தினாள். மூடிகள் ஒழுகுகின்றன என்றாள். எங்கள் மேற்பார்வையாளர் ரைடார், ஒழுகவில்லை, லாரி காத்திருக்கிறது, ஓட்டு என்றான். அவள் ஓட்டவில்லை. மேலாளர் வந்தார், பத்து டின்னைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார், ஏழு டின் குமிழி விட்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும் ரைடாரைப் பார்த்து, "உனக்குக் காது இல்லேன்னாலும் கண்ணாவது இருக்கணும்ல?" என்றார். எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். அவரும் கத்தவில்லை. அதுதான் ரைடாருக்குப் பொறுக்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ரைடாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லவில்லை. அவளை "இன்ஸ்பெக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தான், அவ்வளவுதான். ஷிப்ட் மாறினால் எல்லோருக்கும் சொல்வான், அவளுக்கு மட்டும் மறந்துபோகும். அவள் எழுதும் குறிப்பில் ஒரு எண் பிசகினாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பான். மதியம் அவள் சாப்பாட்டு அறைக்கு வந்து, காகிதத்தைப் பிரித்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை எடுத்தவுடன், ரைடார் தன் ரொட்டியை மடித்துக்கொண்டு எழுந்திருப்பான். அவன் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் திடீரென்று வேலை ஞாபகம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு வாஃபிள். குளிர்பெட்டிக் கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். வீட்டிலிருந்து மாவு கரைத்து எடுத்து வந்து, இரும்பு அச்சில் ஊற்றி, ஐந்து இதயங்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி சுட்டு அடுக்க வேண்டும். ஆலையில் உண்ணாவிரதம் இருந்தாலும் இருப்பார்கள், வெள்ளிக்கிழமை வாஃபிளைத் தவறவிட மாட்டார்கள். அக்டோபரில் யூருன் முறை வந்தது. ஏலக்காய் போட்டு மலைபோல் சுட்டு வைத்திருந்தாள். பதினொரு மணிக்கு ரைடார் இரண்டு பெரிய பெட்டிகளோடு உள்ளே வந்தான். பேக்கரி பன். நடுவில் கஸ்டர்ட், மேலே தேங்காய்த் துருவல்.

"இன்னிக்கு என் விருந்து. இப்பதான் அடுப்புலேர்ந்து வந்தது. எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க."

எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் கொடுக்கிறார், எப்படி மறுப்பது? அந்தப் பக்கம் வாஃபிள் ஆறிக்கொண்டிருந்தது. பாரம் தூக்கி வண்டி ஓட்டுகிற கௌத்தே மட்டும் கடைசியாக வந்து ஆறிப்போன வாஃபிள் ஐந்தைத் தின்றான். அதற்குக் காரணம் நீதி உணர்ச்சி அல்ல, பன் தீர்ந்துபோயிருந்தது. நானா? நான் பன் எடுத்தேன். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

யூருன் ஓஸ்முண்டிடம் போனாள். ஸ்டோரில் லேபிள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ஓஸ்முண்ட், ஒரு நிமிஷம் இருக்கா?"

"உனக்கு இல்லாத நிமிஷமா, சகோதரி? உக்காரு. காப்பி ஊத்தட்டுமா?"

"ரைடார் விஷயமா வந்தேன்."

"ஆஆமா."

"காலைல பஸ்ல ஏறினதும் இறங்கிடலாமான்னு தோணுது. எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். இப்ப மூடியைத் தட்டினா சத்தமே காதுல ஏற மாட்டேங்குது. அவன் பின்னாடி வந்து நிக்கிறானான்னுதான் காது போகுது. காது போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

ஓஸ்முண்டின் தலை பதினைந்திலிருந்து இருபது பாகைக்குப் போனது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அவன்மேல உனக்குக் கோபம் இருக்கா?"

"இருக்கு."

"அதைத்தான் சகோதரி நாம முதல்ல கவனிக்கணும்."

அரைமணி நேரம் கவனித்தார்கள். கோபத்தின் வேர், கோபத்தின் கிளை, கோபத்தின் கனி என்று ஒன்று விடாமல் கவனித்தார்கள். ரைடாரின் பெயர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில் யூருன் தன் கோபத்துக்காக ஓஸ்முண்டிடம் மன்னிப்புக் கேட்டாள். ஓஸ்முண்ட் பெரிய மனது பண்ணி மன்னித்தார். ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பதை நினைவூட்டினார். கலங்கரை விளக்கம் படம் போட்ட அட்டை ஒன்றும் கொடுத்தார். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்.

"அடுத்த தடவை முதல் வாஃபிளை உன் கையாலயே அவனுக்குக் குடு. எதிராளிக்குப் பசிச்சா சாப்பாடு போடுன்னு வேதம் சொல்லுது. அவன் தலைமேல நெருப்புத் தணலைக் குவிச்ச மாதிரி."

"சுடுமா?"

"வெட்கத்துல சுடும், சகோதரி. வெட்கத்துல."

நவம்பரில் அவள் முறை வந்தது. முதல் வாஃபிள், மேலே புளிப்புப் பாலேடு, ஸ்ட்ராபெரி ஜாம், அழகாகத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். ரைடார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். நன்றிகூடச் சொன்னான். நேரே ஜன்னலுக்குப் போய், திறந்து, வெளியே சுவரில் நின்றிருந்த கடற்பறவைக்குப் போட்டான். "பாவம், அது பசியோட இருக்குல்ல?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் பெட்டியைத் திறந்தார்கள்; அன்றும் பன் வந்திருந்தது. தணல் யார் தலையில் குவிந்ததோ எனக்குத் தெரியாது. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜாமோடு விழுங்கிவிட்டு அடுத்ததுக்குக் காத்திருந்தது.

"கை நீட்டி வாங்கிக்கிட்டானா இல்லையா?" என்றார் ஓஸ்முண்ட், விவரம் கேட்டுவிட்டு.

"வாங்கினான். ஆனா பறவைக்கு…"

"வாங்கினான்ல? அது ஒரு ஆரம்பம்!"

இத்தோடு விட்டிருந்தால் ஓஸ்முண்டை நான் சாதாரணத் தரகர் என்று சொல்லி முடித்திருப்பேன். அவர் முதல் தரத் தரகர். ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் உண்மையாகவே வைத்துக்கொள்கிறவர். டிசம்பர் முதல் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், வெள்ளைச் சுவரும் மெழுகுவர்த்தியுமாக நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆண்டவரே, ஒரு சகோதரி. பெயர் வேண்டாம், உமக்குத் தெரியும். மீன் ஆலையில் வேலை பார்க்கிற சகோதரி. மூடி பார்க்கிறவள், ஆண்டவரே. அவளுடைய மேற்பார்வையாளனோடு அவளுக்கு மனக்கசப்பு…"

"யாரு, நம்ம யூருனா?" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. குரலுக்குச் சொந்தக்காரி ரைடாரின் அம்மா. யூருன் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் நாலாவது வரிசையில் இருந்தேன், அவளுடைய கழுத்து சிவந்துகொண்டே போவதைப் பார்த்தேன். மறுநாள் காலை ரைடார் பட்டையருகே வந்து கைகட்டி நின்றான்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, எனக்காக ஊரே முட்டி போடுதாமே? நான் அவ்வளவு பெரிய பாவியா? முன்னாடியே சொல்லியிருந்தா டை கட்டிக்கிட்டு வந்திருப்பேன்ல?"

அன்று அவள் கையிலிருந்து ஒழுகும் டின் ஒன்று தப்பிப் போனது. இருபது வருஷத்தில் முதல் தடவை. ரைடார் அதை எடுத்து வந்து, ஒரு நாடா கட்டி, அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டான்.

இப்போது கேட்பீர்கள்: இந்தத் தரகருக்கென்று சொந்தமாக ஒரு கன்னம் கிடையாதா? உண்டு. ஜனவரியில் அதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது.

அன்று காலை முழங்காலளவு பனி. எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யார் வாரி ஒதுக்கினார்களோ, காரை நிறுத்தும் இடம் அவர்களுக்கு. ஓஸ்முண்ட் ஆறு மணிக்கே வந்து, மண்வெட்டியால் முக்கால் மணி நேரம் வாரி, ஓரமெல்லாம் சீவி, காரை எடுத்துவரப் போனார். வந்து பார்த்தால் அங்கே ரைடாரின் கார் நிற்கிறது. ரைடார் வழக்கம்போல் நல்ல மனநிலையில் சீட்டியடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

என்ன செய்தார் ஓஸ்முண்ட்? பக்கத்து இடத்தையும் வாரிக் கொடுத்தாரா? ஒரு மைல் தூரம் வா என்றால் இரண்டு மைல் போ என்று எங்களுக்குச் சொல்வாரே, அப்படி இரண்டு இடமாகக் கொடுத்தாரா? மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார், மேசைக்குப் போனார், இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார், குலுக்கல் சீட்டுகளைத் தூக்கி எறிந்தார், ஆறு வருஷம் தூங்கிய தாளை எழுப்பினார். ஏழே முக்காலுக்குப் புகார் மேலாளரின் மேசையில் இருந்தது. மூன்று பக்கம் இணைப்பு, இரண்டு புகைப்படம், கையால் வரைந்த வரைபடம் ஒன்று, அதில் வடக்குத் திசை காட்டும் அம்புக்குறி. ஒன்பதரைக்கு ரைடார் வந்து காரை எடுத்தான், மன்னிப்பும் கேட்டான். புகாரின் பிரதியும் மேலாளரின் பதிலும் அறிவிப்புப் பலகையில், தொங்குகிற டின்னுக்குப் பக்கத்திலேயே ஒட்டப்பட்டன.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். ஊரார் கன்னம் என்றால் தாராளமாகப் பரிமாறலாம். நான் விடவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏன் ஓஸ்முண்ட், உள்ளுக்குள்ள கசப்பு வேர் விட்டுடாதா?"

"அது வேற, இது வேற," என்றார் அவர். தலை நேராக இருந்தது. அவர் தலையை நேராக நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம்."

அந்தப் பலகையின் முன்னால் யூருன் வெகுநேரம் நின்றாள். தாளின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: வேலையிடத்தில் துன்புறுத்தலுக்கு உள்ளாகும் எவரும் இதை நிரப்பிப் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் தரலாம். மூன்று தடவை படித்துவிட்டு ஸ்டோருக்கு வந்தாள்.

"இப்படி ஒரு தாள் இருக்கறதை நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே?"

"சகோதரி, அது உலகத்து வழி. நமக்கு…"

"கார் நிறுத்தறது பரலோகத்து வழியா?"

மூச்சு உள்ளே போனது. "ஆஆமா" வரவில்லை. அப்போதுதான் ஓஸ்முண்ட் தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தார். வேதம் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆளைத் தட்டிக்கழிக்க ஒரு வசனத்தை எடுத்துவிட்டார்.

"சகோதரி, அதுக்கெல்லாம் ஒரு முறை எழுதியிருக்கு. உன் சகோதரன் உனக்குத் தப்பு செஞ்சா, முதல்ல நீ தனியாப் போய் அவன்கிட்ட சொல்லணும். கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். அப்பவும் கேக்கலைன்னா சபைக்குச் சொல்லணும். இதெல்லாம் முடியட்டும், அப்புறம் தாளைப் பத்திப் பேசலாம்."

"முடிச்சா தாளைக் குடுப்பீங்களா?"

"குடுக்காம?" என்றார் ஓஸ்முண்ட். அவருடைய அனுபவத்தில் யாரும் அந்த வசனத்தின் முதல் படியைக்கூட மிதித்ததில்லை. தனியாகப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? எங்கள் ஊரிலா? நாங்கள் பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் வீட்டை விற்றுவிட்டுப் போவோம், போய்ச் சொல்ல மாட்டோம்.

"சரி," என்றாள் யூருன்.

வியாழக்கிழமை மதியம் ரைடார் தனியாக இருந்தபோது போய் நின்றாள். "நீ எனக்குச் செய்யறது தப்பு. எனக்கு வலிக்குது. நிறுத்திடு," என்றாள். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. ரைடார் அவளைப் பார்த்துச் சிரித்தான். "தமாஷ் புரியாதவங்ககூட நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றான். முதல் படி முடிந்தது.

இரண்டாவது படிக்கு ஓஸ்முண்டைக் கேட்டாள். அவர், தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவன் என்றார். பிறகு லேபிள் இயந்திரத்தருகே என்னிடம் வந்தாள்.

"நீ எல்லாத்தையும் பார்த்தே. பன்னைத் தின்னுக்கிட்டே பார்த்தே. எனக்காக ஒண்ணும் பேச வேண்டாம். பார்த்ததை மட்டும் வந்து சொல்லு, போதும்."

பிறகு பேசலாம் என்றேனே, அது இதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் தலை தானாகவே கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. "நான் உனக்காக ஜெபம் பண்றேன், யூருன்" என்றேன். அவள் என்னை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பண்ணு" என்றாள்.

பாரவண்டியின் மேலே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த கௌத்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போகிறவன் அவன். ஜெபவீட்டுக்குள் காலடி வைப்பது சாவுக்கு மட்டும்தான்.

"யோவ், பார்த்ததைச் சொல்றதுக்கு எதுக்குய்யா ஜெபம்?" என்று என்னைக் கேட்டுவிட்டுக் கீழே குதித்தான். "யூருன், நான் வரேன். ஆனா ஒருத்தன்தான் இருக்கேன். பரவால்லையா?"

"ஒண்ணு ரெண்டு பேருன்னுதான் எழுதியிருக்கு. ஒண்ணு போதும்."

இருவரும் போனார்கள். கௌத்தே, தான் பார்த்ததை, பறவை உட்பட, வரிசையாகச் சொன்னான். "இதுல உனக்கென்னடா வந்தது?" என்றான் ரைடார். "எனக்கு வாஃபிள் பிடிக்கும்," என்றான் கௌத்தே. ரைடார் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னான். இரண்டாவது படியும் முடிந்தது.

அந்த ஞாயிறு ஜெபவீட்டில் சாட்சிக் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சொல்லலாம். வழக்கமாக மூன்று பேர் எழுந்து, முப்பது வருஷமாகச் சொல்லி வரும் அதே மூன்று கதைகளைச் சொல்வார்கள். கதையில் எந்த இடத்தில் சொல்பவருக்குக் கண்ணீர் வரும் என்றுகூட எங்களுக்குத் தெரியும். மூன்றும் முடிந்தன. பின்னால் காப்பி கொதிக்கும் வாசனை. "வேற யாருக்காவது…" என்று ஓஸ்முண்ட் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே கேட்டார். யூருன் எழுந்து நின்றாள்.

"செப்டம்பர்லேர்ந்து ரைடார் ஆலையில என்னை வதைக்கிறான்," என்றாள்.

"சகோதரி, நாம ஒரு பாட்டு…"

"பாட்டு அப்புறம். மூணாவது படி இது, நீங்கதான் சொன்னீங்க." கூட்டத்தைப் பார்த்தாள். "நான் ஒரு கன்னத்தைக் காட்டினேன். அப்புறம் இன்னொண்ணைக் காட்டினேன். எனக்கு ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க இருக்குன்னு ஓஸ்முண்ட் சொன்னா அதையும் காட்டறேன்." யாரோ இருமினார்கள். "வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பார்த்தேன். நம்ம ஆண்டவரையும் விசாரணை அன்னிக்கு ஒரு சேவகன் கன்னத்துல அறைஞ்சான். அவர் மறு கன்னத்தைக் காட்டல. நான் தப்பாப் பேசியிருந்தா என்ன தப்புன்னு சொல்லு, சரியாப் பேசியிருந்தா என்னை ஏன் அடிக்கிறேன்னு கேட்டார். நானும் அதைத்தான் கேக்கறேன். மூடி ஒழுகிச்சு. ஒழுகுதுன்னு சொன்னேன். என்னை ஏன் அடிக்கிறான்? நீங்கல்லாம் ஏன் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

ஓஸ்முண்ட் தன் பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பக்கம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ரைடாரின் அம்மா மெல்லத் திரும்பினார்.

"மூடி ஒழுகிச்சா?"

"ஒழுகிச்சும்மா. பத்துல ஏழு."

"அதை லாரில ஏத்தச் சொன்னானா? நான் வியாழக்கிழமை தவறாம அந்த டின்னைத்தானே சாப்பிடறேன்!"

யூருன் உட்காரும்போது சொன்னாள்: "ஓஸ்முண்ட், நாளைக் காலைல எனக்குத் தாள் வேணும்."

தாள் கிடைத்தது. அதில் சாட்சிகள் கையெழுத்துப் போட இரண்டு கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் கௌத்தே தன் பெயரை அழுத்தி எழுதினான். பேனா அடுத்த தாள்வரை இறங்கியது. இரண்டாவது கோடு காலியாக இருந்தது. அந்தத் தாள் மேலாளரின் அறைக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. நான் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போய் காப்பி ஊற்றிக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு பெண்மணி வந்து விசாரித்தார். பலகையிலிருந்த டின் இறங்கியது. ரைடாரின் கீழ் இனி யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை என்று எழுதி, அவனைக் குளிர்க் கிடங்குக்கு அனுப்பினார்கள். யூருன் வேலையை விடவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது, டக், டக், டக் என்று தட்டிக்கொண்டே வந்தவள் ஒரு டின்னில் நின்று, மறுபடி தட்டி, "இது ஒழுகும்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அவள் காது திரும்பி வந்துவிட்டது.

ஓஸ்முண்ட்? ஏப்ரலில் பக்கத்து ஊர் ஜெபவீட்டில் அவருடைய சாட்சி. முப்பத்தைந்து நிமிஷம். "துன்பப்பட்ட ஒரு சகோதரிக்கு, பெயர் வேண்டாம், நான் மறு கன்னத்தைக் காட்டக் கற்றுக்கொடுத்தேன். பொறுமையின் கனி என்னவென்று கேளுங்கள்…" கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரைக் காரில் கூட்டிப் போனது நான்தான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை யூருன் முறை. வாஃபிள் வாசனை கிடங்குவரை போயிருக்க வேண்டும். ரைடார் தடித்த அங்கியோடு வந்து வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. பன் பெட்டி இல்லை. யூருன் ஒரு தட்டில் ஒரு வாஃபிள் வைத்து, ஜாம் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தின்றான். ஓஸ்முண்ட் என் விலாவில் இடித்து, "பார்த்தியா, தணல்!" என்று கிசுகிசுத்தார்.

யூருனுக்குத்தான் காது திரும்பி வந்துவிட்டதே. திரும்பிப் பார்த்தாள்.

"தணல் இல்ல ஓஸ்முண்ட், ஜாம். கன்னம் என்னோடது. எப்பத் திருப்பணும்னு நானே பார்த்துக்கறேன்."

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். கௌத்தேக்கு ஐந்து வைத்தாள். என்னிடம் வந்ததும் தட்டு நின்றது.

"உனக்கு வேணுமா? நீ பன்தானே சாப்பிடுவே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். சூடாக இருந்தது, ஏலக்காய் மணத்தது, விழுங்க வெகுநேரம் ஆனது.

ஓஸ்முண்டை நினைத்து நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார், இவரேதான், என்று ஆள்கூட மனதில் வந்திருக்கும். நல்லது. நாளைக் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடி முன் ஒரு நிமிஷம் நின்று, உங்கள் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதா, ஒரு கீறல் இல்லாமல்? உங்களுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை என்பது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பக்கத்து மேசையில் ஒருவர் தினமும் தனியாக ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிறாரே, அவரிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள்? நானும் கண்ணாடியில் பார்த்தேன். என் கன்னமும் நல்ல வழவழப்பு. சவரம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் தலை வலப்பக்கமாகச் சாய்ந்திருந்ததைக் கவனித்தேன்.